திரைமூப்பியல்

பாயிரம்

எதையும் பகுத்து வைக்காவிட்டால் நம் புலவர்களுக்குச் சோறு இறங்கியதில்லை. நிலத்தை ஐந்தாகப் பகுத்தார்கள். பூவை நான்காகப் பகுத்தார்கள். பெண்ணின் பருவத்தை ஏழாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் வயதுக் கணக்கும் எழுதி வைத்தார்கள். பேதைக்கு 5 முதல் 7. அங்கிருந்து பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை என்று ஏறி, பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40. உலா வரும் தலைவனைப் பார்க்க ஏழு பருவத்தாரும் வீதிக்கு வரலாம். 41 வயதுக்காரி வந்தால் எந்தக் கண்ணியில் நிற்பாள் என்று கேட்டால் பாட்டியல் இலக்கணம் வாய் திறக்காது. ஆண்கள் சிரிக்க வேண்டாம். முப்பதைத் தாண்டியவனை முதுமகன் கணக்கில் எழுதிய பாட்டியலும் உண்டு.

கடல் கடந்தாலும் வரம்பு ஏறக்குறைய இதுதான். பாரிஸ் ஓபரா பாலே குழுவில் ஆடுவோர் 42 வயதில் ஓய்வு பெறவேண்டும். நம் புலவர்களைவிட இரண்டாண்டு கருணை. 1991இல் நடன அமைப்பாளர் யிர்ஷி கிலியான் நெதர்லாந்து நடன அரங்கில் 40 கடந்தவர்களுக்கென்றே மூன்றாவது குழு ஒன்றைத் தொடங்கினார். நம் ஓலை முடிந்த இடத்தில் அவர் பிள்ளையார் சுழி போட்டார் என்க. அக்குழு 2006இல் மூடப்பட்டது.

இந்நூல் நுதலிய பொருள்: 40 கடந்த ஆடுநரும் ஆக்குநரும் ஆடற்படத்தில் இடம்பெறும் முறை. எல்லை: காஞ்சிபுரம் முதல் வுப்பர்டால் வரை. கேட்போர்: கேமரா வைத்திருப்போர், அதாவது இக்காலத்தில் எல்லோரும். பயன்: கீழே வரும்.

ஆடற்படம் யாது எனின்

ஆட்டத்தைப் பதிவு செய்தது எல்லாம் ஆடற்படம் ஆகாது. சபாவின் பின்வரிசையில் முக்காலியை நட்டு, மங்களம் வரை அணைக்காமல் விட்ட வீடியோ இவ்விலக்கணத்தில் சேராது; அது அரங்கேற்ற வீட்டார் அமெரிக்க உறவினருக்கு அனுப்புவது. கேமராவும் எடிட்டிங்கும் ஆட்டத்தில் கூட்டு ஆடினால் அது ஆடற்படம். 1945இல் மாயா டெரன் எடுத்த சில நிமிடப் படத்தில் டாலி பீட்டி என்ற ஆடுநர் காட்டில் காலைத் தூக்குகிறார்; அந்தக் கால் இறங்குவது ஒரு வீட்டுக்குள். இடையில் இருந்த தூரத்தைக் கடந்தது கத்தரிக்கோல்.

இதிலிருந்து பிறக்கும் விதி ஒன்று. மேடையில் முழங்கால் பார்க்கும் வேலையில் பாதியைத் திரையில் கத்தரிக்கோல் பார்த்துவிடும். மீதிப் பாதிக்குப் புருவம் போதும். மியூசிக் அகாடமியின் கடைசி வரிசைக்குப் புருவம் தெரியாது, க்ளோசப்புக்குத் தெரியும். எனவே மூத்த ஆடுநருக்கு மேடையைவிடத் திரையே ஏற்ற அரங்கம் என்பது பெறப்படும். நடப்பதோ நேர்மாறு. ஆடற்படம் என்று போட்டுப் பாருங்கள்: கைவிடப்பட்ட ஆலை, உடைந்த சன்னல், தொளதொள கால்சட்டையில் இருபத்துச் சொச்சம் வயதினர் நால்வர் காரணமின்றித் தரையில் உருள்வார்கள். முழங்கால் தேவைப்படாத கலையை முழங்காலுக்கே எழுதி வைத்திருக்கிறார்கள்.

மூப்பை எந்தக் கணக்கில் எழுதுவது

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் இளிவரலுக்கு, அதாவது இழிவுணர்வுக்கு, நிலைக்களன் நான்கு சொல்கிறார்: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. மூப்புக்கே முதலிடம். பெருமிதத்துக்கும் நான்கு: கல்வி, தறுகண், இசைமை, கொடை. இங்கே கல்விக்கு முதலிடம். மருட்கைக்கும், அதாவது வியப்புக்கும், நான்கு உண்டு. அதில் முதலாவது புதுமை. அறுபது ஆண்டு ஆடியவரிடம் மூப்பும் இருக்கிறது, கல்வியும் இருக்கிறது. அவரைக் கண்டால் எந்த மெய்ப்பாடு தோன்ற வேண்டும்? கேமராக்காரர்களில் பலர் இளிவரல் பக்கம் சாய்கிறார்கள். சிலர் "இந்த வயசுலயும் பாருங்க" என்று மருட்கைக்குப் போய் நின்றுவிடுகிறார்கள். மூப்பைக் கல்வியின் கணக்கில் எழுதிப் பெருமிதத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் கொஞ்சம் பேர். கீழே வரும் வகைகள் எல்லாம் இந்த மூன்று தெருக்களில்தான் குடியிருக்கின்றன.

நரைபூச்சு வகை

மூத்த ஆடுநர் வேண்டிய இடத்தில் இளையவர் தலைக்கு வெள்ளை பூசி நிறுத்துவது. 1983இல் கே. விஸ்வநாத் எடுத்து, தமிழில் ‘சலங்கை ஒலி’யாக வந்த படம் இதற்கு உதாரணமும் உச்சமும். குடித்துவிட்டுக் கிணற்றுச் சுவரின் மேல் ஆடும் அந்தத் தளர்ந்த கலைஞனாக நடித்த கமல்ஹாசனுக்கு அப்போது வயது 28. படத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எந்தச் சேனலில் வந்தாலும் உட்கார்ந்துவிடுகிறேன். ஆனாலும் 28 வயது முதுகு கூன் போடும்போது பார்ப்பது நடிப்பு. 60 வயது முதுகு ஒரு வரிக்காக நிமிரும்போது பார்ப்பது வேறு. இரண்டாவதைப் படமெடுக்க நமக்கு ஏனோ தோன்றுவதில்லை.

நாயக விலக்கு

தமிழ்த் திரை மூத்தோரை ஆடவிடுவதில்லை என்பார்க்கு இது மறுப்பு. 2023இல் ‘ஜெயிலர்’ வெளியானபோது ரஜினிகாந்துக்கு 72 வயது. ‘காவாலா’ பாட்டில் தமன்னா மூச்சுவாங்க ஆடிக்கொண்டிருக்க, அவர் இடையில் வந்து நாலு அசைவு போடுகிறார். அரங்கில் விசில் பறப்பது அந்த நாலு அசைவுக்கு. கேலியாகச் சொல்லவில்லை. கேமராவை எங்கே தாழ்த்துவது, எந்த அடியில் வெட்டுவது, சுற்றிலும் எத்தனை பேரைச் சுழலவிட்டு நடுவில் இருப்பவரை நிற்கவிடுவது என்பதெல்லாம் கோடம்பாக்கத்துக்கு மனப்பாடம். எழுபது வயது உடம்பின் சிக்கனத்தை அழகாக்கத் தெரிந்த ஊர் இது. அதே வித்தை எழுபது வயதுப் பெண்ணுக்கு ஏன் செல்லாது என்பதற்கு விதி எதுவும் அகப்படவில்லை. வழக்காறு என்று எழுதி மேலே செல்கிறேன்.

நாற்காலி வகை

தொகையில் மிகுந்தது இது. பிரம்பு நாற்காலி ஒன்று, பின்னால் நடராசர், பக்கத்தில் செம்பருத்திச் செடிக்கு ஒதுக்கிய ஒளி. மூத்த கலைஞர் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருப்பார். ஒலிப்பதிவாளர் முதலில் செய்கிற காரியம் மின்விசிறியை நிறுத்துவது. சென்னை மே மாதத்தில், எண்பது வயதில், விசிறி இல்லாமல் குருவின் பெருமையைச் சொல்ல வேண்டும். சொல்லிக்கொண்டே வருகையில் கை தானாக எழுந்து ஒரு முத்திரை பிடிக்கும். உடனே இயக்குநர், "அம்மா, அதை மறுபடி ஒரு தடவை பண்ணுங்க, ஃபோகஸ் விட்டுப்போச்சு" என்பார். மறுபடி பண்ணுவது அதுவாக இருக்காது. அப்புறம் தம்பூரா ஒலிக்க, கறுப்புவெள்ளைப் புகைப்படம் ஒன்றைக் கேமரா மெல்ல நெருங்கும். இவர் அன்று ஆடினார், இன்று நினைவுகூர்கிறார் என்பது படத்தின் கருத்து. இன்று ஆடுவாரா என்று யாரும் கேட்பதில்லை.

நாற்காலியே குற்றமா எனின், அன்று. அமெரிக்க நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாமுக்கு வயது 88 ஆகி, மூட்டுவாதத்தோடு சக்கர நாற்காலிக்கு வந்துவிட்ட காலம். அவருடைய நெடுநாள் துணைவர் ஜான் கேஜ், ஓசை ஏதும் எழுப்பாத மூன்று பகுதிகள் கொண்ட ஓர் இசைப் படைப்பை 1952இல் தந்திருந்தார். மொத்தம் 4 நிமிடம் 33 விநாடி. அந்த மௌனத்துக்குக் கன்னிங்ஹாம் ஆடினார். ஆட்டம் இது: நாற்காலியில் அசையாமல் இருப்பது, பகுதி மாறும்போது இருக்கும் நிலையை மாற்றுவது. கலைஞர் டாசிட்டா டீன் அதை ஆறு முறை படமெடுத்து, 2008இல் ஆறு திரைகளில் காட்டினார். பார்ப்பவர் திரைகளுக்கிடையே நடந்து செல்ல, ஒரே முதியவர் ஆறு இடங்களில் உட்கார்ந்திருப்பார். தோளுக்கும் கழுத்துக்கும் இடையே எழுபது ஆண்டுப் பயிற்சி எங்கே சேர்ந்து கிடக்கிறது என்று அப்போது தெரியும். செம்பருத்திக்கு ஒதுக்கிய ஒளியில் இது தெரியாது.

கலிபோர்னியாவின் அன்னா ஹால்ப்ரின் இன்னொரு வழி கண்டார். 2005இல், தமக்கு 85 ஆனபோது, முதியோர் கூட்டம் ஒன்றைச் சாய்ந்தாடும் நாற்காலிகளில் திறந்தவெளியில் உட்காரவைத்து ஒரு படைப்பை ஆக்கினார். ரூடி கெர்பர் அதைப் படமாக்கினார். ஆடும் நாற்காலி என்பதால் நாற்காலியும் ஆடுநர் பட்டியலில் சேரும் என்பது என் துணிபு.

கைபேசி வகை

2020 நவம்பரில் உலகமே அழுத ஒரு வீடியோ உண்டு. ஸ்பெயினில், மறதிநோய் கண்ட முன்னாள் பாலே கலைஞர் ஒருவர் சக்கர நாற்காலியில் இருக்கிறார். காதில் சைக்கோவ்ஸ்கியின் அன்னப்பறவை இசையைப் போட்டதும் கைகள் எழுந்து ஆடுகின்றன. பலரும் அழுதது நியாயம்தான். அந்தக் கைகள் உண்மை. இடையிடையே வெட்டி ஒட்டியிருந்த இளம் ஆடுநரின் மேடைக் காட்சி அவருடையது அன்று. ரஷ்யாவின் உலியானா லோபாட்கினா, வேறொரு பாலேயில், வேறொரு இசைக்கு ஆடியது. படத்தொகுப்பாளருக்கு அந்த முதியவரின் கைகள் மட்டும் போதவில்லை. பார்ப்பவருக்கும் போதாது என்று நினைத்து, எங்கிருந்தோ ஓர் இளமையைக் கடன் வாங்கி ஒட்டிவிட்டார். இளிவரல் வகையின் தலையாய குற்றம் இதுவே: எதிரே ஆடிக்கொண்டிருப்பவரை, முன்பு எப்போதோ ஆடியவருக்குச் சான்றாக மட்டும் பார்ப்பது.

வாட்ஸப்பில் வரும் கல்யாணவீட்டுப் பாட்டி நடனங்களும் இவ்வகையின் கிளை. அவை மருட்கையைச் சேரும். பாட்டி ஆடியது எந்தப் பாட்டுக்கு, அடவு சரியாக விழுந்ததா என்று பார்ப்போர் இலர். வயதைப் பார்த்துவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள்.

பிந்தி வந்த கேமரா

தஞ்சாவூர் பாலசரஸ்வதி காஞ்சிபுரத்து அம்மன் கோயிலில் அரங்கேறியது 1925இல், ஏழு வயதில். சத்யஜித் ராய் அவர் ஆடக் கண்டது கல்கத்தாவில், தாம் பள்ளிப் பையனாக இருந்தபோது. கேமராவோடு வந்து சேர்ந்தது 1976இல். அப்போது பாலாவுக்கு 58. ‘பாலா’ என்ற அரைமணி நேரச் சொச்சப் படத்தில் கடற்கரையில் ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’ ஆடுகிறார். காற்று புடவையைப் பிடித்து இழுக்கிறது. கூந்தலை, தலைப்பை, சில நேரம் முத்திரையையும் இழுக்கிறது. கடலை ஏன் கூப்பிட்டார்கள் என்று அன்றே முணுமுணுத்தவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சி. குழந்தையைக் கூப்பிடும் அந்தக் கையழைப்புக்கு ஒரு வெறுஞ்சுவர் போதும். வங்காள விரிகுடா அதிகம். ஆனால் படம் பிற்பாதியில் காற்றில்லாத இடத்துக்கு வந்து அவருடைய வர்ணத்தைக் காட்டும்போது ராய் ஒதுங்கி நிற்கிறார். அங்கே 58 வயது மறைக்கப்படவும் இல்லை, சுட்டிக்காட்டப்படவும் இல்லை. உடல் கனத்திருக்கிறது; தாளம் கனக்கவில்லை. ஒரே படத்தில் முதற்பாதி இயற்கைக்காட்சிக்கும் பிற்பாதி கல்விக்கும் என்று நான் பிரிப்பேன்.

குமார் ஷஹானி 1991இல் ‘பவாந்தரண’ எடுத்தபோது ஒடிசி குரு கேளுசரண் மகாபாத்ராவுக்கு அறுபத்தைந்தை ஒட்டிய வயது. சிறுவயதில் கோட்டிபுவா மரபில் பெண்வேடத்தில் ஆடத் தொடங்கியவர். முன்வழுக்கை விழுந்த அந்த ஆண் உடம்பில் ஒரு நாயகி வந்து இறங்குவதைப் பார்த்தவர்கள், ஆடலுக்கு இளமை எதற்கு என்ற கேள்வியோடுதான் எழுந்து போனார்கள்.

ஜப்பானின் கசுவோ ஓனோ இவ்வகைக்கே விலக்கு. அவர் விஷயத்தில் பிந்தியது கேமரா அன்று, ஆட்டம். 1929இல் தோக்கியோவில் லா அர்ஹென்தினா என்ற ஸ்பானிய ஆடுநரைப் பார்த்தார். அவருக்கான வணக்கத்தை மேடையில் ஆடியது 1977இல், 71 வயதில். நாற்பத்தெட்டு ஆண்டு ஊறியது. டானியல் ஷ்மிட் 1995இல் வெளியிட்ட படத்தில் தோக்கியோ நீரோரம் ஆடுகிறார். எண்பத்தெட்டை ஒட்டிய வயது, முகத்தில் வெண்பூச்சு, உடலில் பெண்ணுடை. இங்கே காற்று குறுக்கிடவில்லை, உடன் ஆடுகிறது. ராயின் கடலுக்கும் ஷ்மிட்டின் கடலுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை ஆடற்படம் எடுப்போர் ஒரு வாரம் பாடமாகப் படிக்கலாம்.

விடைபெறு வகை

சிறியது, கூரியது. பாரிஸ் ஓபராவின் வெரோனிக் துவானோ 42 வயதை எட்டிய நேரம், 2004இல், நடன அமைப்பாளர் ஷெரோம் பெல் அவரைத் தனியே மேடையில் நிறுத்தினார். பிறகு அது படமாகவும் ஆனது. துவானோ தாரகை அல்லர், குழுவில் ஒருவர். ‘அன்ன ஏரி’யில் நாயகி ஆடும்போது பின்வரிசை அன்னங்கள் அசையாமல் நிற்குமே, அந்த நிற்றலை மட்டும் செய்து காட்டுகிறார். நாயகி இல்லை, மற்ற அன்னங்கள் இல்லை. இசை போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு பெண் கை மடித்து நிற்கிறாள். பணிக்காலம் முழுவதும் அரங்கப் பொருளாக நின்ற உழைப்பு அப்போதுதான் கண்ணில் படுகிறது.

உடன்நிறுத்தல்

ஜெர்மானிய நடன அமைப்பாளர் பீனா பவுஷ் ‘கோண்டாக்ட்ஹோஃப்’ என்ற படைப்பை 1978இல் தம் குழுவுக்கு ஆக்கினார். 2000இல் அதையே 65 வயது கடந்த வுப்பர்டால் நகரத்து மக்களுக்குக் கற்பித்தார். ஆடல் தெரியாத அக்கம்பக்கத்தார். 2008இல் பதின்வயதினர் முறை. விம் வெண்டர்ஸ் 2011இல் ‘பீனா’ எடுத்தபோது மூன்று கூட்டத்தையும் ஒரே அசைவில் வெட்டிச் சேர்த்தார். ஒரு பெண் பக்கவாட்டில் திரும்புகிறாள். திரும்பி முடிப்பதற்குள் எழுபது வயதாகிறது. அடுத்த அடியில் பதினைந்து. யாரையும் பரிதாபப்பட விடாத வெட்டு. 2024இல் மெரில் டாங்கார்ட் இன்னும் துணிந்தார்: 1978இல் ஆடியவர்களில் சிலர், இப்போது எழுபதை ஒட்டியும் தாண்டியும், தம் இளமைக்காலப் படச்சுருள் பின்னால் ஓட அதே மேடையில் ஆடினார்கள். இங்கே பழைய காட்சி கடன் வாங்கியதன்று, அவரவருடையது. நாற்காலி வகையின் கறுப்புவெள்ளைப் புகைப்படமும் பழையதுதான். வேறுபாடு, அதன் முன்னால் நிற்பவர் எழுந்து ஆடுகிறாரா என்பதில் இருக்கிறது.

இந்த முறைக்கு நம்மிடம் தொன்மையான ஆதாரம் உண்டு. சிலப்பதிகார அரங்கேற்றுகாதையில் பன்னிரண்டு வயது மாதவி வலத்தூண் அருகே போய் நிற்கிறாள். இடத்தூண் அருகே தோரிய மகளிர் நிற்கிறார்கள்: ஆடி முதிர்ந்தவர்கள் என்று உரை சொல்கிறது. ஏழுகோல் அகலம், எண்கோல் நீளம் உள்ள அரங்கில் அவர்களுக்கென்று ஓர் இடம் அளந்து வைத்திருந்தார்கள். நம் கேமரா வலத்தூணில் குவிந்ததும் இடத்தூண் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது. உரையாசிரியர்கள் இதற்குப் பொறுப்பல்லர்.

ஆக்குநர் வகை

ஆடுவோரைவிட இவர்களைப் பற்றிப் பேச்சு குறைவு. உதய் சங்கர் ‘கல்பனா’வை இயக்கி ஆடி முடித்தது 47 வயதில், சென்னை ஜெமினி ஸ்டுடியோவில், வெளியானது 1948. செப்பனிட்ட பிரதி 2012இல் கான் விழாவில் காட்டப்பட்டபோது, அதில் நாயகியாக ஆடிய அமலா சங்கர் 92 வயதில் நேரில் வந்திருந்தார். தாசி மரபைப் பேசும் ‘சிருங்காரம்’ தமிழ்ப்படத்துக்கு நடனம் அமைத்துச் சரோஜ் கான் தேசிய விருது பெற்றபோது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருந்தார். ‘விஸ்வரூபம்’ படத்தில் ‘உன்னைக் காணாது நான்’ பாட்டுக்காக அதே விருது பிர்ஜு மகராஜுக்கு வந்தபோது எழுபதைத் தாண்டியிருந்தார். அந்தப் பாட்டில் கமலின் விரலும் கண்ணும் போகும் வழியில் ஒரு கிழவரின் கணக்கு ஓடுகிறது. அது மூப்பென்று யாருக்கும் தோன்றாது.

மேலே சொன்ன கிலியான், குழு மூடப்பட்ட அதே 2006இல், அக்குழுவின் நால்வரைச் செக் நாட்டின் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்துக்கு அழைத்துப்போய் ‘கார் மென்’ எடுத்தார். கறுப்புவெள்ளை, மௌனப்படம் போன்ற துள்ளல் வேகம், பழைய கார் ஒன்று, கார்மென் கதை. வேகத்தைத் தந்தது எடிட்டிங். குறும்பைத் தந்தது நாற்பதைத் தாண்டிய முகங்கள். இருபத்தைந்து வயது முகத்துக்கு அந்தக் குறும்பு எட்டாது.

புறனடை

கற்றது போதும், செய்வது எப்படி என்று கேட்கும் இளம் இயக்குநருக்குச் சில. சிமெண்ட் தரையில் ஆடச் சொல்லாதீர்கள். அடியில் இடைவெளி விட்ட மரப்பலகை போடுங்கள். விளக்கைச் சரிபார்க்க உதவியாளரை நிறுத்துங்கள், கலைஞரை நிறுத்தாதீர்கள். கடினமான ஷாட் காலையில், முதலில். அரைமண்டி எவ்வளவு தாழும் என்று நீங்கள் முடிவுசெய்ய வேண்டாம், அவரே சொல்வார். தாழாத மண்டியோடு ஆடும் வர்ணம் எப்படி இருக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். எந்த டேக்கை வைத்துக்கொள்வது என்று எடிட்டிங் மேசைக்கு அழைத்துக் கேளுங்கள். பெயர்ப்பட்டியலில் "சிறப்புத் தோற்றம்" என்று போடாமல், ஆட்டத்தை அமைத்தவர் என்று போடுங்கள். பணம் கொடுங்கள், பொன்னாடை பீரோவில் இடம் இல்லை.

விழா நடத்துவோருக்கும் நிதி தருவோருக்கும் ஒன்று. சங்கீத நாடக அகாடமியின் உஸ்தாத் பிஸ்மில்லா கான் யுவ புரஸ்கார் 40 வயதுக்கு உட்பட்டோருக்கு. அதே அகாடமி 2023இல் அம்ரித் விருது என்று 84 பேருக்கு வழங்கியது: அதுவரை தேசிய அங்கீகாரம் பெறாத, 75 கடந்தோர். 40க்கும் 75க்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டு இருக்கிறது. விராலிமலை முத்துக்கண்ணம்மாள் போன்ற சதிர்க் கலைஞருக்குப் பத்மஸ்ரீ 2022இல்தான் வந்தது. இடைப்பட்ட அந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் அவர் ஆடியதும் பாடியதும் எந்தக் கேமராவுக்குக் காத்திருந்தன? உங்கள் ஆடற்பட நிதி விண்ணப்பத்தில் "வயது 35க்குள்" என்று ஒரு கட்டம் இருந்தால், அடுத்த அறிவிப்புக்கு முன் அதை எடுத்துவிடுங்கள்.